எட்டாமல் போகும் நிழல்: 2031 மே 21 கங்கண கிரகணம்

2031 மே 21, புதன்கிழமை. பிற்பகல் ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மதுரையில் நடுவானச் சூரியன் ஒளி வளையமாக மாறும். ஏறக்குறைய ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும். இதைத்தான் கங்கண கிரகணம் என்கிறோம். ஆப்பிரிக்காவில் அங்கோலா, காங்கோ, சாம்பியா, தான்சானியா வழியாக வரும் பாதை இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கேரளக் கரையில் ஏறுகிறது. கொச்சி, ஆலப்புழை, கோட்டயம், தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம், பிறகு பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கையின் வடபகுதி. அங்கிருந்து மலேசியா, இந்தோனேசியா என்று போய் முடியும்.

முழு கிரகணம் பார்த்தவர்கள் கங்கண கிரகணத்தைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பேசுவார்கள். "இருட்டாகாத கிரகணம் என்ன கிரகணம்?" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிழலின் வடிவக் கணக்கை ஒரு பள்ளி மாணவர் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எங்கே நிற்பது, எதைக் கொண்டு பார்ப்பது, கேமராவை எப்படி வைப்பது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

கூம்பின் நுனி எங்கே முடிகிறது

சூரியனின் விட்டம் சுமார் 13,92,000 கி.மீ. நிலவின் விட்டம் 3,474 கி.மீ. பெரிய விளக்கின் முன்னால் சின்னப் பந்தைப் பிடித்தால் பந்தின் பின்னால் கருநிழல் கூம்பாகக் குறுகிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். நிலவின் கருநிழலும் அப்படித்தான். அந்தக் கூம்பின் நீளம் சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போது சுமார் 3,67,000 கி.மீ.; ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில் இருக்கும்போது சுமார் 3,80,000 கி.மீ.

இனி நிலவின் தொலைவு. சராசரி 3,84,400 கி.மீ.; அண்மைப் புள்ளியில் 3,57,000 வரை நெருங்கும், சேய்மைப் புள்ளியில் 4,06,000 வரை விலகும். இவை பூமியின் மையத்திலிருந்து அளந்தவை. சூரியன் உச்சியில் இருக்கும் ஊரில் நிற்பவர் மையத்தைவிட 6,400 கி.மீ. நிலவுக்கு அருகில் இருக்கிறார் என்பதால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தாலும் சராசரித் தொலைவு 3,78,000 கி.மீ. வருகிறது, கூம்பின் சராசரி நீளமோ சுமார் 3,74,000 கி.மீ.தான். அதாவது சராசரி நாளில் நிலவின் நிழல் தரையை எட்டுவதில்லை. சூரியனும் நிலவும் வானில் ஒரே அளவாகத் தெரிகின்றன என்று பாடப்புத்தகம் சொல்வது தோராயம். நிலவு ஒரு மயிரிழை சின்னது என்பதே சரி. ஐயாயிரம் ஆண்டுகளுக்கான கிரகண அட்டவணையில் மொத்தம் 11,898 சூரிய கிரகணங்கள் உள்ளன. அவற்றில் கங்கணம் 3,956, முழு கிரகணம் 3,173. எட்டாத நிழல்தான் அதிகம்.

2031 மே 21 அன்று என்ன ஆகிறது? மே மாதக் கடைசி என்பதால் சூரியன் சராசரியைவிடச் சற்றுத் தொலைவில் இருக்கும். கூம்பு நீண்டு 3,78,000 கி.மீ. ஆகிறது. நிழலுக்குச் சாதகமான காலம்தான். ஆனால் கிரகணம் உச்சத்தில் இருக்கும் இடத்திலிருந்து நிலவு 3,94,000 கி.மீ. தள்ளி நிற்கிறது. நிழலின் நுனி தரைக்கு மேலே சுமார் 16,000 கி.மீ. உயரத்திலேயே முடிந்துவிடுகிறது.

நுனிக்கு அப்பால் கூம்பு தலைகீழாகி மறுபடி விரியும். அந்த விரியும் பகுதிக்குள் நிற்பவருக்குத்தான் நிலவு சூரியனுக்குள் முழுதாக அடங்கியதுபோலத் தெரியும். இதை எதிர்நிழல் என்பார்கள். எவ்வளவு அகலமாக விரியும்? நுனியின் கோணம் ஏறக்குறைய சூரியனின் கோண அளவேதான்: அன்று 31.6 கலை (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), அதாவது ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் 9.2 கி.மீ. பதினாறால் பெருக்கினால் 147. அச்சிட்ட கணிப்புகளில் உச்ச இடத்தில் வளையம் தெரியும் பட்டையின் அகலம் 152 கி.மீ. என்று போட்டிருக்கும். தோராய எண்களை வைத்துக்கொண்டே ஐந்து கி.மீ. வித்தியாசத்துக்குள் வந்துவிட்டோம்.

இதே கணக்கில் பழைய கிரகணங்களையும் வைத்துப் பாருங்கள். 2010 ஜனவரி 15 அன்று சூரியன் அருகே, நிலவு தொலைவில்: இரண்டும் நிழலுக்குப் பாதகம். நிலவு சூரியனின் விட்டத்தில் 92 விழுக்காடுதான் இருந்தது. பட்டை முந்நூறு கி.மீ.க்கும் மேல் அகலம், வளையம் உச்ச இடத்தில் 11 நிமிடம் 8 நொடி நின்றது. மூன்றாவது ஆயிரமாண்டு முழுவதும் அதை மிஞ்ச இன்னொன்று இல்லை. 2020 ஜூன் 21 அன்று வட இந்தியாவில் தெரிந்தது இதற்கு நேர் எதிர்: சூரியன் தொலைவில், நிலவு ஏறக்குறைய எட்டும் தூரத்தில். விகிதம் 0.994. வளையம் நூலாக இளைத்து ஒரு நிமிடம்கூட நிற்காமல் போயிற்று. 2031 இந்த இரண்டுக்கும் நடுவே: 0.9589.

ஐந்து நிமிடம் எங்கிருந்து வருகிறது

நிலவின் நிழல் விண்வெளியில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு கி.மீ. வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அந்த வேகத்தில் 150 கி.மீ. பட்டை ஓர் ஊரைக் கடக்க இரண்டரை நிமிடம் போதும். ஆனால் பூமியும் அதே திசையில் சுழல்கிறது. நம் அகலாங்கில் தரையின் வேகம் நொடிக்கு 0.46 கி.மீ. சூரியன் உச்சிக்கு அருகே இருக்கும் நடுப்பகலில் இந்த வேகம் முழுவதும் நிழலோடு சேர்ந்து ஓடுகிறது. முந்திச் செல்லும் பேருந்துக்குப் பக்கத்தில் நாமும் சைக்கிள் மிதிப்பதுபோல. மிஞ்சும் வேகம் அரை கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் 9 டிகிரி வட அகலாங்கில், அரபிக் கடலில் விழும் உச்ச இடத்தில் 5 நிமிடம் 26 நொடி. அங்கு நேரம் இந்தியக் கணக்கில் 12:46. நிழல் அங்கிருந்து கேரளக் கரைக்கு வர இருபது நிமிடத்தை ஒட்டி ஆகும், கொச்சியிலிருந்து வேதாரண்யம் போக மேலும் கால் மணி நேரத்தை ஒட்டி. நம் பக்கம் வளையத்தின் ஆயுள் உச்சத்தைவிடச் சில நொடிகளே குறையும்.

பட்டைக்குள் எங்கு நின்றாலும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம்; மையக்கோட்டிலேயே நின்றாக வேண்டும் என்று பதறவும் வேண்டாம். எதிர்நிழல் நம் பக்கம் ஏறக்குறைய வட்டம். நம் ஊர் அந்த வட்டத்தை எந்த நாணில் வெட்டுகிறதோ அந்த நாணின் நீளமே நமக்குக் கிடைக்கும் நேரம். மையக்கோட்டிலிருந்து விளிம்பு 76 கி.மீ. பாதித் தூரம், அதாவது 38 கி.மீ. தள்ளி நின்றாலும் 87 விழுக்காடு நேரம் கிடைக்கும். நான்கரை நிமிடத்துக்கு மேல். விளிம்பை நெருங்கி 68 கி.மீ. தள்ளிப்போனால் 45 விழுக்காடுதான். கடைசி எட்டுப் பத்து கி.மீ.யில்தான் நேரம் சரசரவென்று சரிகிறது.

யாழ்ப்பாணமும் ஆலப்புழையும் மையக்கோட்டுக்கு மிக அருகில் வருகின்றன. மதுரை அதற்குச் சற்று வடக்கே, இழப்பு சொற்பம். காரைக்குடியும் கொச்சியும் பாதித் தூரத்தில். வேதாரண்யம் வடக்கு விளிம்பை ஒட்டி. 2019 டிசம்பர் 26 அன்று வளையம் கண்ட கோவையும் திருச்சியும் இம்முறை பட்டைக்கு வெளியே. அங்கும் சென்னையிலும் ஆழமான பிறைதான், வளையம் மூடாது. "தொண்ணூறு விழுக்காடு தெரிகிறதே, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போதாது. பட்டைக்குள் போகும் அந்தப் பயணத்தைச் செய்துவிடுங்கள்.

விளிம்பில் நிற்பதற்கென்றே வருபவர்களும் உண்டு. அங்கே நிலவின் ஓரம் சூரியனின் ஓரத்தை உரசிக்கொண்டே போகும். நிலவின் விளிம்பிலுள்ள மலைகள் வளையத்தைத் துண்டு துண்டாக நறுக்கும், பள்ளத்தாக்குகள் வழியே ஒளி மணிமணியாகக் கசியும். பெய்லி மணிகள் என்பது இவைதான். மையக்கோட்டில் ஒரு சில நொடிகளில் முடியும் இந்தக் காட்சி விளிம்பில் வெகுநேரம் நீடிக்கும். ஆனால் கணிப்பில் ஒரு கி.மீ. பிசகினாலும் வளையம் முழுதாக மூடாமலே போகலாம். முதல் முறை பார்ப்பவர்கள் விளிம்புக்குப் போக வேண்டாம்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே இடத்துக்குக் கங்கண கிரகணம் திரும்பி வரச் சராசரியாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். யாழ்ப்பாணத்துக்கு 2010, 2019, 2031 என்று இருபத்திரண்டு ஆண்டுக்குள் மூன்று முறை. சராசரி என்பது எதையும் உறுதி சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ராகு காலத்தில் கேது

ஒவ்வொரு அமாவாசையும் கிரகணமாகாததற்குக் காரணம் தெரிந்ததே: நிலவின் பாதை சூரியப் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு கணுக்களில் ஒன்றின் அருகே சூரியன் இருக்கும்போது அமாவாசை வர வேண்டும். நம் பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று இடம் போட்டுக் கணிப்பது இந்தக் கணுக்களைத்தான். நிலவு தெற்கிலிருந்து வடக்கே ஏறும் கணு ராகு, வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் கணு கேது. 2031 கிரகணம் இறங்கு கணுவில் நிகழ்கிறது. பஞ்சாங்க மொழியில் கேது பிடிக்கும் கிரகணம். அதுவும் புதன்கிழமை பகல் 12 முதல் 1:30 வரை ராகு காலம். வளையம் மூடுவது அதற்குள்ளேதான். ராகு காலத்தில் கேது வேலை செய்கிறார். வாட்ஸ்அப் குழுக்கள் இதை வைத்து என்னென்ன கிளப்பும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். அன்று பட்டினி கிடந்தே ஆக வேண்டும் என்பதற்கு வானியலில் காரணம் ஏதுமில்லை. கத்திரி வெயிலில் வெளியே நிற்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உண்மையிலேயே மயக்கம் வரும்.

இது சாரோஸ் 138 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சூரியன், நிலவு, கணு மூன்றும் ஏறக்குறைய அதே நிலைக்குத் திரும்புகின்றன. நிலவின் தொலைவும்கூட ஒத்து வருவதால் கங்கணம் கங்கணமாகவே திரும்புகிறது. இதன் அண்ணன் 2013 மே 10 அன்று ஆஸ்திரேலியாவில் தெரிந்தது. அந்த மிச்ச 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் பாதை அத்தனை தூரம் மேற்கே நகர்ந்து நம்மிடம் வருகிறது. தம்பி 2049 மே 31.

அன்று வானம் எப்படி இருக்கும்

பலர் இருட்டை எதிர்பார்த்து ஏமாறுவது இங்கேதான். விட்ட விகிதம் 0.9589 என்றால் மறைந்த பரப்பு அதன் வர்க்கம்: 92 விழுக்காடு. மிச்சம் 8 விழுக்காடு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதில் 8 விழுக்காடு எட்டாயிரம் லக்ஸ். நல்ல வெளிச்சமான அலுவலகத்தில் ஐந்நூறு லக்ஸ்தான் இருக்கும். எனவே இருட்டு வராது. வருவது வேறொன்று: வெயில் இருக்கும், சுள்ளென்ற உறைப்பு இருக்காது. நீலம் ஈயச் சாயலாகும். மேகம் மறைத்தால் நிழல்கள் மங்கும். இங்கே வெளிச்சம் குறையக் குறைய நிழல்கள் கூர்மையாகும், ஏனென்றால் பிறையாக மெலிந்த சூரியன் ஒரு திசையில் மிகக் குறுகிய விளக்கு. பிறை மெலிந்திருக்கும் வேளையில் தரையில் விழும் உங்கள் கையின் நிழலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

கிரகணம் முதல் கடி தொடங்கிக் கடைசி விலகல் வரை மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும். காலை பதினொன்றை ஒட்டித் தொடங்கிப் பிற்பகல் மூன்றை ஒட்டி முடியும். அக்கினி நட்சத்திரத்தின் நடுவே. பார்க்கும் இடத்தில் நிழல் கட்டாயம் வேண்டும். மரம் இருந்தால் இரண்டு பயன், கீழே சொல்கிறேன்.

மேகம் பற்றி: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில்தான் தொடங்கும். ஆனால் மே பிற்பாதியில் கோடை இடிமேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மதியத்துக்கு மேல் எழும்பும். வளையம் ஒரு மணிக்கே வந்துவிடுவது நமக்கு அதிர்ஷ்டம், அந்த மேகங்கள் முற்றுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எனக்கு முடிவெடுக்கச் சொன்னால் மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே, சமவெளியில் நிற்பேன். வங்கக் கடலில் அந்த வாரம் தாழ்வழுத்தம் ஏதும் இருந்தால் கணக்கு தலைகீழாகும். முதல் நாள் மாலை செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளும்படி ஒரு வண்டியும் இரண்டு இடங்களும் கைவசம் இருக்கட்டும். சிறு பஞ்சுமேகங்கள் மட்டும் இருந்தால் கலங்க வேண்டாம்: சூரியன் மறைய மறையத் தரை குளிர்ந்து, அடியிலிருந்து எழும் காற்று நின்று, அந்த மேகங்கள் கரையத் தொடங்கும். ஆப்பிரிக்க நிலப்பரப்பின் மேல் செயற்கைக்கோள்கள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. இடிமேகம் அப்படிக் கரையாது.

கண்

முழு கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைந்த சில நிமிடங்கள் வெறுங்கண்ணால் பார்க்கலாம். கங்கணத்தில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. "வளையம் மெலிசுதானே" என்பது தவறான வாதம். விழித்திரையைச் சுடுவது பிம்பத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியின் செறிவு. வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனின் மேற்பரப்பைப்போலவே எரிகிறது, பரப்புத்தான் குறைவு. அந்த வளைய வடிவிலேயே விழித்திரையில் சூடு விழும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையில் கறை தெரிவது பல மணி நேரம் கழித்து.

கிரகணக் கண்ணாடி ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரம் அனுமதிக்கும் அதிகபட்ச ஒளி 0.0032 விழுக்காடு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர் வழக்கமான மஞ்சள் நீர்த் தாம்பாளத்தை எடுத்துப் பாருங்கள். நீர்ப்பரப்பு உச்சி வெயிலில் 2 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். கண்ணாடி விடுவதைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். பாட்டி காலத்து வழக்கம் என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. எக்ஸ்ரே படலத்தில் கறுப்பு இடத்துக்கு இடம் மாறும், சி.டி., புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது. வெல்டிங் கண்ணாடியில் 14ஆம் எண் மட்டும் சரி; கடையில் சும்மா கிடைக்கும் 10, 11 எண்கள் போதாது.

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிப் பாருங்கள். எதுவும் தெரியக் கூடாது, பளிச்சென்ற எல்.இ.டி. விளக்கு வேண்டுமானால் மங்கலாகத் தெரியலாம். ஜன்னல், மேசை, ஆள் உருவம் தெரிந்தால் குப்பையில் போடுங்கள். 2019இல் வாங்கியது அலமாரியில் இருக்கிறதா? பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஊசிமுனை ஒளி தெரிந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. என்னைக் கேட்டால் சோதித்துக்கொண்டிருக்காமல் புதிதாகவே வாங்கிவிடலாம்.

செலவில்லாத வழிகள்

சூரியன் தலைக்கு மேலே இருப்பது ஊசித்துளை முறைக்கு வரம். ஒரு மீட்டர் தூரத்தில் விழும் சூரிய பிம்பம் 9 மி.மீ. விட்டம், அதுதான் விதி, தூரம் எத்தனை மீட்டரோ அத்தனை ஒன்பது மி.மீ. துளை சிறிதானால் பிம்பம் கூர்மையாகும், ஆனால் மங்கும். மிகச் சிறிதானால் ஒளி விலகி மறுபடி கலங்கும். ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. துளை, மூன்று மீட்டருக்கு 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு பொருந்தும். அட்டையில் நேராகக் குத்தினால் ஓரம் பிசிறாகும். அட்டையில் சன்னல் வெட்டி, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டி, அதில் ஊசியால் குத்துங்கள். வளையத்தின் உண்மைத் தடிமன் சூரிய விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு மீட்டரில் அது 0.2 மி.மீ. ஆகும். துளையின் அகலம் அதன் மேல் ஏறிக்கொள்வதால் திரையில் வளையம் தடித்துத் தெரியும். ஆனாலும் நடுவே கறுப்பு வட்டம் தெளிவாக இருக்கும்.

மரம் இதை இலவசமாகச் செய்கிறது. இலைகளின் இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும், தரையிலிருந்து போதிய உயரத்தில் இருந்தால் கீழே விழுவது சூரியனின் வடிவம்தான். ஐந்து மீட்டர் உயரக் கிளையிலிருந்து நாலரை செ.மீ. வளையங்கள் நூற்றுக்கணக்கில் தரையெங்கும். வேம்பு, புளி போன்ற சிற்றிலை மரங்கள் சிறப்பு. அடர்ந்த மாமரத்தடியில் ஒன்றும் விழாது. கீழே வெள்ளை வேட்டியோ பெட்ஷீட்டோ விரித்துவிடுங்கள். சல்லடை, இட்லித் தட்டு, முறுக்கு அச்சு எல்லாமே வேலை செய்யும்.

கூட்டத்துக்குக் காட்டப் பந்துக் கண்ணாடி. ரப்பர் பந்தில் கீறி மணல் நிரப்பி, அதன் மேல் சிறு முகக்கண்ணாடியை ஒட்டி, 5 மி.மீ. வட்டத் துளையிட்ட கறுப்புத் தாளால் மூட வேண்டும். பந்தை ஒட்டுநாடா உருளையின் மேல் வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம். பத்து மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் ஒன்பது செ.மீ. சூரியன் விழும். மூன்று மீட்டரில் வைத்துவிட்டுக் கலங்கலாக இருக்கிறதே என்பார்கள். தூரம் போதவில்லை, அவ்வளவுதான். இம்முறை இன்னொரு சிக்கல்: சூரியன் எழுபது டிகிரிக்கு மேல் இருப்பதால் சன்னல் திண்ணையில் வைத்தால் சுவரும் கூரையுமே வெயிலை மறைக்கும். முற்றத்தில் வைத்து, கண்ணாடியின் முகத்தை ஏறக்குறைய 37 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். சிதறும் கதிரை யாரும் நேராகப் பார்க்காதபடி ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

தொலைநோக்கி, கேமரா

வடிகட்டி எப்போதும் முன்பக்கத்தில். கண்வில்லையில் திருகும் பழைய சூரிய வடிகட்டிகள் சூட்டில் வெடிக்கும். கிடைத்தால் உடைத்துப் போடுங்கள். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் அதே தவறுதான்: குவிந்த ஒளி படலத்தை எரித்துவிட்டுக் கண்ணுக்குள் போகும். வடிகட்டிப் படலம் வாங்கி நீங்களே செய்யலாம். இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே இருபக்க ஒட்டுநாடாவால் படலத்தைத் தளர்வாக ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் படம் கெடாது, இழுத்துப் பிடித்தால்தான் கெடும். குழாயோடு சேர்த்து மூன்று இடத்தில் நாடா ஒட்டுங்கள், மே மாதக் காற்று ஒரு வீச்சில் கழற்றிவிடும். அடிக்கடி மறக்கப்படுவது குறிகாட்டிக் குழாய், அதாவது தொலைநோக்கியைக் குறிவைக்க அதன் மேல் மாட்டியிருக்கும் சின்னத் தொலைநோக்கி. அதற்கு மூடி போடுங்கள், அல்லது கழற்றி வையுங்கள்.

திசை பலரைக் குழப்பும். மே 21 அன்று சூரியன் மதுரையின் உச்சிக்கு வடக்கே இருக்கும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் ஏப்ரல் நடுவிலேயே போய்விட்டது. வளைய வேளையில் சூரியன் வடமேற்கில், சுமார் 73 டிகிரி உயரத்தில். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் தென்கிழக்காக முப்பது செ.மீ. விழும். இவ்வளவு உயரத்தில் சாதாரண முக்காலியில் நீள லென்சைத் தூக்கினால் கேமராவின் பின்பகுதி கைப்பிடியில் முட்டும். முக்காலியின் தலைப்பகுதியைத் திருப்பி மாட்டி, கைப்பிடி எதிர்ப்பக்கம் வரும்படி செய்து, முதல் நாளே அதே மணிக்குச் சூரியனைப் பிடித்துப் பாருங்கள். திரையைப் பார்க்கக் கீழே படுக்க வேண்டியிருக்கும். சாயும் திரையுள்ள கேமரா கழுத்தைக் காப்பாற்றும்.

நிலநடுக்கோட்டு ஏற்றம் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நம் அகலாங்கு பத்து டிகிரி. பல ஏற்றங்களில் அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கம்பி முக்காலிக் காலில் இடிக்கும். இரண்டாவது, மதுரையில் சூரியன் உச்சிக்கோட்டைக் கடப்பது 12:14 மணிக்கு. வளையத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஏற்றத்தை மறுபக்கம் புரட்டும் வேலையை 12:20 வாக்கிலேயே முடித்து, மறுபடி குவியம் பார்த்துவிடுங்கள். தானாகப் புரளட்டும் என்று விட்டால் அது தனக்குத் தோன்றிய நேரத்தில் புரளும்.

குவியத் தூரத்தை 109ஆல் வகுத்தால் சென்சாரில் சூரியனின் அளவு கிடைக்கும்: 400 மி.மீ. லென்சில் 3.7 மி.மீ. வளையத்தின் தடிமன் அதில் 0.08 மி.மீ.; குவியம் இம்மி தவறினாலும் தெரிந்துவிடும். சூரியப்புள்ளி இருந்தால் அதில் குவியம் வையுங்கள், இல்லையென்றால் பிறையின் கொம்பு முனையில். லட்சத்தில் ஒரு பங்கு ஒளி விடும் படலம், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/400 நொடியில் தொடங்குங்கள். வளையம் மூடியதும் ஒரு படி கூட்டுங்கள், சூரியனின் ஓரம் நடுப்பகுதியைவிட மங்கல். தானியங்கி ஒளியளவை நம்பினால் கறுப்பு வானத்தைக் கணக்கில் எடுத்து வளையத்தை வெள்ளைப் பூசணியாக்கிவிடும். தொடரும் ஏற்றம் இல்லையென்றால் சூரியன் இரண்டு நிமிடத்துக்குத் தன் விட்டம் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் மூன்று முறையாவது சட்டகத்தைத் திருத்த வேண்டும். கேமராவின் மேல் ஈர வெள்ளைத் துணி போடாதீர்கள், நீர் உள்ளே இறங்கும். உலர்ந்த வெள்ளைத் துண்டும் குடையும் போதும். பேட்டரியை வளையத்துக்குப் பத்து நிமிடம் முன்பு மாற்றுங்கள்.

ஒரு மணிக்குத் தானாகப் படம் எடுக்கும்படி கேமராவை அமைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பாருங்கள். வளையம் திறக்கத் தொடங்கும்போது நிலவின் ஓரம் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு இழுபடுவதுபோல் இருக்கும், பிறகு அறுந்து பிறையாகும். அப்போது மணி ஒன்றே காலை ஒட்டி இருக்கும். கடைசிக் கடி விலக இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது. கூட்டம் கலைந்திருக்கும். வடிகட்டியைக் கழற்றிவிடாதீர்கள்.